ஸ்க்ரீன் மேல ஒரு பொட்டு

எனக்கு பயம் ஜாஸ்தி, அத மொதல்லயே சொல்லிடுறேன். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நாலு டயரையும் தட்டிப் பாப்பேன், வூட்டப் பூட்டிட்டு தெரு முனைவரைக்கும் போய்ட்டு திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாப்பேன், போன் அடிச்சா யாருக்கோ இன்னாவோ ஆயிடுச்சுன்னு நெனச்சுக்கினேதான் எடுப்பேன். ஆனா பேய் பிசாசுன்னு மட்டும் பயந்தது கெடையாது. இருபது வருஷமா போளூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் வண்டி ஓட்டுறேன், அந்த மலை ரோட்டுல லாரிக்கு பயந்திருக்கேன், பிரேக்குக்கு பயந்திருக்கேன், அவ்ளோதான். வளைவுல வெள்ளையா ஒண்ணு நின்னுச்சுன்னு யாராச்சும் சொன்னா, மாடா இருக்கும் போடான்னு சொல்ற ஆளு நான். நீங்களும் கடைசியில அப்படித்தான் எதையாச்சும் சொல்லப் போறீங்க. சொல்லுங்க, ஆனா முழுசா கேட்டுட்டு சொல்லுங்க.

நான் ஏழாவதோட நின்னவன். ரொம்ப நாள் ஓட்டினது ஒரு பழைய ஜீப்பு. அதுல எல்லாத்துக்கும் திருகுற குமிழ் இருக்கும், கண்ணு ரோட்டுல இருக்கும், கை தானா போய் தேவையானதத் திருகிடும். போன வருஷம் எங்க ஓனரு சேகர் அண்ணன் புது வண்டி ஒண்ணு எறக்கினாரு. உள்ள குந்தினா டிவி கடைக்குள்ள குந்தின மாதிரி இருக்கு. நடுவுல இவ்ளோ பெரிய கண்ணாடி ஸ்க்ரீனு, ஏசி, காத்து, பாட்டு எல்லாமே அதுக்குள்ளதான், திருகறதுக்கு ஒரு குமிழ் கூட கெடையாது. இங்கிலீஷ் எழுத்து எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆனா நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள எதிர்ல லாரிக்காரன் ஹாரன அடிச்சுடுவான். இத நெனச்சு நெனச்சு நாலு நாளு தூக்கமில்ல.

அப்புறம் ஒரு வேல பண்ணேன். என் சம்சாரம் செல்வியோட ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலருந்து மூணு பொட்டு எடுத்து அந்தக் கண்ணாடி மேல ஒட்டிட்டேன். ஏசிக்கு ஒண்ணு, பாட்ட நிறுத்த ஒண்ணு, முன் கண்ணாடியில ஆவி படிஞ்சா காத்தடிச்சு தொடைக்குமே, அதுக்கு ஒண்ணு. பாக்கவே வேணாம், விரல் தடவினா தட்டுப்படும், அமுத்திடலாம். பொட்டு மேல தொட்டாலும் வேல செஞ்சுது. சேகர் அண்ணன் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு, "இன்னாய்யா, பொட்டு வச்சு வண்டியோட குடும்பம் நடத்துறியா?"ன்னாரு. செல்வி, "எனக்கு ஒரு அட்ட வாங்கித் தர துப்பில்ல, காருக்கு சிங்காரமா?"ன்னு கேட்டா. கேக்கட்டும், எனக்கு வேல நடந்துச்சு.

ஐப்பசியில வண்டி சர்வீசுக்குப் போச்சு. திரும்பி வரும்போது ஸ்க்ரீனே மாறிப்போயிருந்துச்சு. புதுசா இன்னாவோ ஏத்திட்டாங்களாம், படமெல்லாம் எடம் மாறி, அந்தக் கண்ணாடி தொடைக்கிற படம் எங்க போச்சுன்னே தெரியல. பொட்டு மூணையும் மருந்து போட்டு தொடச்சு வச்சிருந்தாங்க. எங்கப்பா இருக்குதுன்னு அங்கயே கேட்டிருக்கலாம். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கினு நிக்கற ஆளுங்ககிட்ட, படிக்கத் தெரியாதுன்னு எப்படி சொல்றது? எல்லாத்துக்கும் பயப்படற நான், அத மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன். நான் பண்ண தப்பு அதான்.

அடுத்த நாளே ஜமுனாமரத்தூருக்கு ஒரு குடும்பத்த கொண்டுபோய் எறக்கிட்டு காலி வண்டியா திரும்பறேன். மத்தியானம் மூணு மணி, தூறல். ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தரு ரெண்டு கையையும் விரிச்சுக்கினு வண்டிக்கு குறுக்க வுழுந்து நிறுத்தறாரு. நெல்லிவாசல் பக்கத்துக்காரரு, பேரு கோவிந்தன். அவரு சம்சாரம் சின்னப்பொண்ணு சாமை அறுக்கப் போன எடத்துல கதண்டு கொட்டிடுச்சு. குளவியிலயே பெருசு அது, கூட்டமா வந்து கொட்டினா ஆளே போயிடும். அந்தம்மா மொகம் பூரா சுண்ணாம்பு தடவி வீங்கி, ரெண்டு கண்ணும் மூடிக்கினு இருக்கு. நர்சம்மா ஓடியாந்து, "ஊசி போட்டாச்சுங்க, மூச்சுத் திணறல் எறங்கல, இங்க வச்சுக்க முடியாது. ஆம்புலன்ஸ் பிரசவ கேச ஏத்தினு கீழ போயிருக்கு. நீங்க கொண்டு போங்க, எங்கயும் நிக்காதீங்க"ன்னாங்க.

பின் சீட்டுல அவரு குந்தி, மடியில அந்தம்மா தலைய வச்சுக்கினாரு. என் பக்கத்து சீட்டு காலி. இத ஞாபகம் வச்சுக்கோங்க.

மலை எறங்க ஆரம்பிச்சதும் பனிமூட்டம் பால ஊத்தின மாதிரி வந்துடுச்சு. அவங்க துணியெல்லாம் ஈரம், அந்தம்மாவுக்கு நடுக்கம்னு ஏசிய நிறுத்தியிருந்தேன், கண்ணாடியும் ஏத்தி வுட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல முன் கண்ணாடி உள்பக்கம் பூரா ஆவி. துண்டால தொடச்சேன், தொடைக்கத் தொடைக்க மெழுகு பூசின மாதிரி ஆவுது. பக்கத்து கண்ணாடிய எறக்கினா மழை உள்ள அடிக்குது, முன் கண்ணாடி அப்படியேதான் இருக்குது. ஸ்க்ரீன்ல தொடறேன், ஏதோ படம் வருது, இன்னொன்னு தொடறேன், பாட்டு வருது. கை வேற ஈரம், ஈரக் கைக்கு அது சரியா கேக்கவும் மாட்டேங்குது.

"கோவிந்தா, கண்ணே தெரியலப்பா. ஓரமா நிறுத்திக்கட்டா?"

"நிறுத்தாதண்ணா. மூச்சு விசிலு மாதிரி வருது. நிறுத்தினா இவ போயிடுவா."

"ரோடு தெரியலப்பா!"

"உன் கால்ல வுழறேண்ணா, மெதுவாவாச்சும் போ."

போனேன். நின்னா அந்தம்மா உசுரு, போனா நாலு பேரு உசுரு. நாலுன்னா சொன்னேன்? மூணு பேருதான். இப்பவும் எனக்கு வாயில நாலுன்னுதான் வருது, ஏன்னு தெரியல.

ஒரு வளைவு வரணும்னு மனசுக்குத் தெரியுது, எங்கன்னு தெரியல. இடது கை அந்த ஸ்க்ரீன மேலயும் கீழயும் தடவிக்கினே இருக்கு. அப்ப விரல்ல தட்டுப்பட்டுச்சு. கீழ் ஓரமா, மெத்துன்னு, சின்னதா ஒரு பொட்டு. பழக்க தோஷம், யோசிக்கவே இல்ல, அமுத்திட்டேன்.

புஸ்ஸுன்னு காத்து கெளம்பி கண்ணாடியில அடிச்சுது. உள்ளங்கை அளவுக்கு ஒரு எடம் தெளிஞ்சுது. அது வழியா பாக்கறேன், ரோடு இல்ல. வெள்ளையடிச்ச ஒரு கல்லு, அதுக்கு அந்தாண்ட மரத்தோட உச்சிக் கெளைங்க, கீழ. பிரேக்க மிதிச்ச மிதியில கோவிந்தன் தலை என் சீட்டுல மோதிக்கிச்சு. வண்டி கல்லுக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுச்சு. பின்னாடி எடுத்து, ஸ்டியரிங்க ஒடச்சு வளைச்சு, அப்புறம் எப்படி போளூர் வந்தேன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

அந்தம்மா பொழச்சிக்கிச்சு. இன்னும் கா மணி நேரம் ஆயிருந்தா கஷ்டம்னு டாக்டரு சொன்னாரு.

ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியில வந்து குந்தினப்பதான் எனக்கு ஒறைக்குது, பொட்டு எல்லாத்தையும்தான் தொடச்சுட்டாங்களே. லைட்டப் போட்டுப் பாத்தேன். இருக்கு. உளுந்து அளவு, கருஞ்சிவப்பு. செல்வி வைக்கறது பச்சக் கல்லு வச்ச நீளப் பொட்டு. கோவிந்தன கேட்டேன், "உன் வூட்டம்மா பொட்டாப்பா?" அவரு, "நாங்க குங்குமம் வைக்கறவங்கண்ணா. அதுவும் இன்னிக்கு மொகம் பூரா சுண்ணாம்பு, எங்கருந்து வரும்?"ன்னாரு. சர்வீஸ் ஆளுக்கு போன் போட்டேன், "ஒண்ணு கூட வுடாம எடுத்துட்டோமே, ஏன், கறை இருக்கா?"ன்னு கேக்கறாரு. அன்னிக்குக் காலையில நானே அந்த ஸ்க்ரீன துணி வச்சு ரெண்டு தடவ தொடச்சேன். சரி, எங்கயோ ஒட்டியிருந்து நான் பாக்கலன்னே வச்சுக்குவோம். அந்தப் படம் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாதப்போ, அது மேலயே எப்படி வந்து ஒக்காந்துச்சு?

எடுத்துப் போட மனசு வரல. சேகர் அண்ணன் கேட்டாரு, நான்தான் ஒட்டினேன்னு சொல்லிட்டேன். அது பாட்டுக்கு அங்கயே இருந்துச்சு, இத்தன மாசமா, மழையிலயும் வெயில்லயும். நானும் பழகிட்டேன்.

இப்ப எதுக்கு இத எழுதறேன்னா, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மலைக்குப் போகணும். கோவிந்தன் சம்சாரம் சின்னப்பொண்ணோட குழந்தைக்கு காது குத்து, படவேட்டு அம்மன் கோயிலுக்குக் கூட்டினு போகணும், எங்க டிரைவரண்ணன்தான் வரணும்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு சாயந்தரம் வண்டிய கழுவிட்டு உள்ள தொடைக்கப் போனா, பொட்டு கீழ் ஓரத்துல இல்ல. பசை ஒட்டின தடம் கூட இல்ல. மேல, வலது மூலையில, ஒரு சிவப்பு படத்து மேல இருக்கு. அத நான் இதுவரைக்கும் தொட்டதே இல்ல.

செல்வி பத்தாவது படிச்சவ. கூப்ட்டு, அந்தப் படத்துக்குக் கீழ இருந்த எழுத்த படிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டாமயே படிச்சா, "ஆபத்துன்னா இத அமுத்தணுமாம்ங்க."

"நீ ஒட்டினியா?"

"எனக்கு வேற வேல இல்ல?"ன்னுட்டு, என்ன பொட்டுன்னு பாக்க விரல வச்சா. வச்ச விரல டக்குனு இழுத்துக்கினா. வண்டி சாயந்தரத்துலருந்து நிழல்லதான் நிக்குது, ஸ்க்ரீனும் இப்ப சித்த முன்னாடிதான் போட்டேன்.

"இன்னாங்க இது," ன்னா, "இப்பதான் யாரோ நெத்தியிலருந்து எடுத்து ஒட்டின மாதிரி, வேர்வையோட, சூடா இருக்கு."