சின்னவரின் கீழ்த்தாடை

பல்செட்டுக்காரருக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் இருக்காது. பல்தான் ஞாபகம் இருக்கும். பிழைக்கப் போன நாட்டில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்குப் பல்செட் செய்கிற வேலை. மருத்துவர்கள் வாயின் அச்சை எடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல் அடுக்கி, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவார். வாய் வரும், ஆள் வரமாட்டார். அதனால் கடைத்தெருவில் யாராவது நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பார். அவர்கள் சிரித்துவிட்டால் போதும், மேல்வரிசை இடைவெளியை வைத்துத் தபால்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார். சிரிக்காதவர்கள் எல்லாம் அவருக்கு அந்நியர்களே. சம்பளம் கொடுக்கிற முதலாளியையே இரண்டு முறை லிஃப்டில் யாரோ என்று நினைத்து, எந்த மாடி என்று கேட்டிருக்கிறார். முதலாளி சிரிக்கிற ஆள் இல்லை.

அவர் மனைவி நேர்மாறு. அதே ஊரில் பஸ் ஓட்டுகிறாள். ஒரு தடவை ஏறிய முகத்தைப் பத்து வருஷம் கழித்தும் சொல்லுவாள். "நமக்குள்ள பொருத்தம் பார்த்தவங்க கண்ண மூடிக்கிட்டுத்தான் பார்த்திருக்காங்க" என்பாள்.

பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் மூன்றாவது ஆள் பெரியவன். கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய். உருவத்துக்கும் தைரியத்துக்கும் சம்பந்தமே கிடையாது. துணி காயப்போடும் ஸ்டாண்டைக் கண்டால் கட்டிலுக்கடியில் போய்விடுவான். சென்ற வருஷம் மாமனார் மூன்று மாதம் வந்து தங்கினார். அந்த மூன்று மாதமும் பெரியவன் அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தான். அவர் விமானம் ஏறிய மறுநாள் ஊளையிட ஆரம்பித்தவன்தான். மனைவி ஐந்து மணிக்குப் பணிமனைக்குப் போய்விடுவாள், இவர் எட்டுக்குக் கிளம்புவார். எட்டிலிருந்து நாலுவரை பெரியவன் தனிக்கச்சேரி.

மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு மனைவி வைத்த பெயர் மணிக்கூண்டு. அந்த அம்மா திட்டமாட்டாள், கத்தமாட்டாள். துண்டுச்சீட்டில் நேரம் எழுதிக் கதவடியில் தள்ளுவாள். '9.12 முதல் 9.40 வரை. 10.05 முதல் 11.30 வரை. இடையில் இரண்டு நிமிடம் தண்ணீர் குடித்தது.' இப்படி நாற்பது சீட்டு சேர்ந்த பிறகு ஒருநாள் நேரிலேயே வந்து நின்றாள்.

"ஒரு மாசம் தர்றேன். சத்தம் நிக்கணும். இல்லேன்னா நாய் போகணும்."

பல்செட்டுக்காரர் அன்று இரவு சாப்பிடவில்லை. பெரியவனை அனுப்புவதென்றால் எங்கே அனுப்புவது? ஸ்டாண்டுக்குப் பயப்படுகிற பிள்ளையை யார் புரிந்து வைத்துக்கொள்வார்கள்? கால்நடை மருத்துவர், "இது வியாதி இல்லை, தனிமை. சின்னதா ஒரு துணை நாய் பாருங்க" என்றார்.

ஆக, துணை தேடும் படலம் தொடங்கியது. ஆதரவற்ற நாய்களை வைத்திருக்கும் காப்பகத்துக்கு இருவரும் பெரியவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் கொண்டுவந்த நாயைப் பார்த்துப் பெரியவன் இவர் முதுகுக்குப் பின்னால் போனான். இரண்டாவதற்கு மனைவியின் முதுகு. மூன்றாவதற்குக் காப்பகப் பெண்மணியின் முதுகு. நான்காவதற்கு முதுகு கிடைக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். ஐந்தாவதாக ஒரு குட்டையான, நரைத்த, பூனையைவிடக் கொஞ்சமே பெரிய கிழநாய் தானாகவே நடந்து வந்தது. பெரியவன் அதை ஒரு பார்வை பார்த்தான். பெருமூச்சு விட்டான். போய் அதன் முன்னங்கால்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான்.

மனைவி கைதட்டினாள். பல்செட்டுக்காரர் மட்டும் பேயறைந்த மாதிரி நின்றார். அந்தக் குட்டைநாயின் கீழ்த்தாடை மேல்தாடையைவிட அரை விரல் முன்னால் தள்ளி, நாலு கீழ்ப்பல் உதட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒன்று லேசாக இடதுபக்கம் சாய்ந்திருந்தது. இந்தத் தாடை வாகு அவருக்குத் தெரியும். தன் கையால் பல் பல்லாக அடுக்கியிருக்கிறார்.

மாமனார்.

வந்து தங்கியபோது மாமனாருக்குப் புதுப் பல்செட் செய்து கொடுத்தது இவர்தான். தாடையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அழகாக்கிவிடலாமே என்று ஆசைப்பட்டுச் சொன்னார். மாமனாருக்கு மூக்குமேல் கோபம். "இந்தத் தாடையோடதான் அறுபத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கேன் மாப்ள. எப்படி இருந்துதோ அப்படியே வேணும்." அப்படியே செய்தார், சாய்ந்த பல் உள்பட. தன் வாழ்நாள் வேலையில் அதுதான் முதல்தரம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

ஆனால் அந்தத் தாடையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. மூத்த மாப்பிள்ளை, அதாவது இவருடைய சகலை, ஒரு கல்யாணப் பந்தியில், "மாமா தாடை வாசப்படி மாதிரி, மழை பெஞ்சா உள்ள தண்ணி போவாது" என்று சொல்லித் தொலைத்தார். நாலு பேர் சிரித்தார்கள். அதோடு சரி. நாலு வருஷமாகச் சகலையின் குரல் போனில் கேட்டாலே மாமனார் டக்கென்று வைத்துவிடுவார். சிரித்த நாலு பேருக்கும் அதே கதி.

இதுவும் போகட்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா பார்த்துச் சரி சொல்லாமல் மகள் எதையும் வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள். குளிர்சாதனப் பெட்டியை வீடியோவில் திறந்து காட்டினாள், சோபாவை உட்கார்ந்து காட்டினாள். இவரையே அப்படிப் பார்த்துத்தான் சரி சொன்னார்கள். காப்பகத்தில் சின்னதைப் பத்து நாள் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி, கையெழுத்துத் தாளையும் கொடுத்தார்கள். "அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் கையெழுத்து" என்றாள் மனைவி.

சின்னது வீட்டுக்கு வந்த மறுநாளே ஊளை நின்றது. பெரியவன் அதன் கால்மேல் தலையை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தூங்கினான். பல்செட்டுக்காரரோ விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். நாயைப் பார்த்தால் மாமனார் கோபிப்பார். கோபித்தால் மனைவி கையெழுத்துப் போடமாட்டாள். போடாவிட்டால் சின்னது போகும், ஊளை திரும்பும், பெரியவனும் போவான். எல்லாம் ஒரு தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு, அந்த நாயை அவரால் 'டேய்' என்று கூப்பிட முடியவில்லை. வாய் வரவில்லை. "கொஞ்சம் நகருங்க" என்றார். "சாப்பிட்டாச்சா?" என்றார். அது சோபாவில் ஏறினால் இவர் எழுந்து நின்றார்.

"என்னங்க, அதுக்குப் போய் இவ்ளோ மரியாதை?"

"வயசான நாயி பாரு" என்று சமாளித்தார். சின்னவர் என்ற பெயரும் அப்படித்தான் நிலைத்தது.

முதல் வீடியோ அழைப்பில் இவர்தான் போனைப் பிடித்தார். சின்னவரின் முதுகைக் காட்டினார். இரண்டாவதில் வாலைக் காட்டினார். மூன்றாவதில் மனைவி போனை வாங்கிக்கொண்டபோது இவருக்கு உயிரே போய்விட்டது. ஆனால் நல்லவேளை, அவளும் பின்பக்கமாகவே காட்டினாள். பஸ் ஓட்டுகிறவள், பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தே பழக்கம் என்று நினைத்து ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்.

"என்ன மாப்ள இது, எப்பப் பாரு பின்னாடியே காட்டுறீங்க? அதுக்கு மூஞ்சி இல்லையா?"

"ரொம்பக் கூச்சம் மாமா."

"பொண்ணு பார்க்க வந்தப்போ நீங்களும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீங்க. சரி, பெரியவன் எங்க? அவன் சாப்பிடுறானா?"

ஒவ்வொரு அழைப்பிலும் கடைசியில் அதே கேள்விதான்.

பத்தாவது நாள் வந்தது. காப்பகம் மூடுவதற்குள் தாளைக் கொடுக்க வேண்டும், அல்லது சின்னவரை. இவர் ஒரு திட்டம் போட்டார். சின்னவருக்குக் குளிர் தாங்காது என்று சொல்லி, மனைவியின் மப்ளரை எடுத்து மூக்குவரை சுற்றிவிட்டார். கண் மட்டும் தெரிந்தது. பார்க்க வங்கியைக் கொள்ளையடிக்கப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார். பெரியவனைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். மனைவி அந்த மப்ளரைப் பார்த்தாள். ஏனோ ஒன்றும் கேட்கவில்லை.

"ஆங், இப்பத்தான் மூஞ்சியக் கண்டேன். அது என்ன முக்காடு?" என்றார் மாமனார்.

அந்தக் குரல் படுக்கையறைக்குக் கேட்டுவிட்டது. சரியாகச் சாத்தாத கதவைத் தள்ளிக்கொண்டு பெரியவன் தலைகால் புரியாமல் ஓடிவந்தான். இவர் ஒரு பக்கம் விழுந்தார், போன் ஒரு பக்கம் விழுந்தது. பெரியவன் திரையை நக்கினான், தேடினான், மோப்பம் பிடித்தான், உள்ளே இருக்கிற ஆளை வெளியே எடுக்க வழி தெரியாமல் அழுதான். என்ன சத்தம் என்று பார்க்க வந்த சின்னவர், வழியில் மப்ளரை உதறிவிட்டுக் குனிந்து போனுக்குள் எட்டிப் பார்த்தார். திரை முழுக்கத் தாடை.

பல்செட்டுக்காரர் தரையில் கிடந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். சகலையின் முகம், ஞாபகம் இருந்திருந்தால், அப்போது நினைவுக்கு வந்திருக்கும்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"கொஞ்சம் கிட்ட காட்டுங்க."

காட்டினார். சின்னவர் கொட்டாவி விட்டார்.

"நடுவுல ஒரு பல்லு சாஞ்சிருக்கு."

"ஆமா மாமா."

"இதுவும் நீங்க செஞ்ச செட்டா?"

இவர் அசடு வழிந்துகொண்டு, இல்லை மாமா, அது சொந்தப் பல் என்றார். மாமனார் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று கையோடு வந்துவிட்டது. அதை மறுபடி மாட்டிக்கொண்டு இன்னும் சிரித்தார். பிறகு கேட்டார்.

"பெரியவன் இப்ப இதுமேலதான் தலை வச்சுப் படுக்குறானா?"

"ஆமா மாமா. முதல் நாளே போய்ப் படுத்துட்டான்."

"என் கால்மேலதான் படுப்பான். ஊருக்குத் திரும்பி வந்ததுலேர்ந்து எனக்கும் ராத்திரியில கால் சில்லுன்னு இருக்கு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கையெழுத்துப் போடும்மா. பாவம், புள்ளைக்கு ஆள் வேணும்ல?"

மனைவி அதற்குள் பேனாவை எடுத்துவிட்டாள். போட்டுக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் இவர்.

"அப்பா மூஞ்சி எனக்குத் தெரியாதா? காப்பகத்துல பார்த்ததுமே தெரிஞ்சுது. நீங்கதான் மூஞ்சியே பார்க்கமாட்டீங்களே, உங்ககிட்ட சொன்னா எங்கேயாவது ஒளறிடுவீங்களோன்னு நான் பயந்துக்கிட்டுப் பின்பக்கமாக் காட்டிக்கிட்டிருக்கேன். அப்பா வேண்டாம்னு சொல்லிட்டா தினமும் இந்த மூஞ்சியப் பார்க்க முடியாதேன்னு எனக்கு அழுகையா வந்துது."

மாத முடிவில் மணிக்கூண்டு ஒரு சீட்டுத் தள்ளினாள். ஊளை எதுவும் இல்லை. 'சின்ன நாயின் குறட்டை, 1.10 முதல் 3.50 வரை. பரவாயில்லை' என்று மட்டும் இருந்தது.

சகலைக்கும் விமோசனம் கிடைத்தது. மாமனாரே கூப்பிட்டு, "நீங்க சொன்னது தப்பில்ல, சொன்ன இடம்தான் தப்பு" என்றாராம். இப்போது மாமனார் தினமும் வீடியோவில் வருகிறார். பல்செட்டுக்காரர் ஆசையாகத் தன் முகத்தை நீட்டினால், "உங்கள யாரு கேட்டா? அவரக் காட்டுங்க" என்கிறார். இவர் போனைச் சின்னவருக்கு எதிரே தரையில் சாய்த்து வைப்பார். அந்தப் பக்கத்தில் ஒரு தாடை, இந்தப் பக்கத்தில் ஒரு தாடை, பேச்சொன்றும் கிடையாது. பெரியவன் ரொம்ப நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் கால்மேல் படுப்பது என்று முடிவு செய்ய முடியாமல், கடைசியில் போன்மேல் தலையை வைத்துப் படுத்துவிடுவான்.

திரை இருட்டாகிவிடும். மாமனார் போனை வைக்கமாட்டார்.