இருபத்திரண்டு நிமிடத்தைப் பதினேழில் கேட்டவர்கள்

பழைய அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு காலை ஆனால் ஒரே கேள்விதான்: இந்த வாரம் என்ன ஜாஸ் ரெக்கார்டு ஓடுகிறது? ஒருவர் அட்டையைப் படமெடுத்துப் போடுவார். இன்னொருவர் அதைவிட அரிய அட்டை போடுவார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, திலக் நகர் மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கப் போய்விடுவேன். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரே ரெக்கார்டு, போனில், வேகத்தை ஒன்றே காலுக்குச் சற்று மேலே ஏற்றி வைத்து. இதைக் குழுவில் சொன்னால் என்னை நீக்கிவிடுவார்கள். உங்களிடம் சொல்லலாம்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தாராவியிலிருந்து கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்துக்கு டெஸ்பாட்ச் கிளார்க்காகப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் மேஜை விசுவநாதன் சார், மாட்டுங்காக்காரர். ஒரு மழை நாளில் நடைபாதைக் கடையில் மூன்று ஜாஸ் ரெக்கார்டுகள் வாங்கினார். ஜாஸைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த வார்த்தை மட்டும்தான். இரண்டு ரெக்கார்டுகள் அப்பளம்போல வளைந்திருந்தன. மூன்றாவது உருப்படியாக இருந்தது. ஆனால் வீட்டில் இருந்த ப்ளேயர் ஓடவில்லை.

“உங்காத்துப் பக்கம் ரிப்பேர் பண்றவா யாராவது இருக்காளா?” என்று கேட்டார்.

நாங்கள் இருந்த சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் இரண்டு கதவு தள்ளி சுடலைமுத்து இருந்தான். ரேடியோ ரிப்பேர்க்காரன், என் வயதுதான். அழைத்துப் போனேன். அவன் ஈயம் பற்றவைக்க ஆரம்பித்ததும் வீடெல்லாம் குங்கிலியப் புகை. இன்றும் எங்கே அந்த வாசனை வந்தாலும் எனக்குச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த சரோஜா மாமியின் முகம்தான் வரும்.

“யாருக்கு திருஷ்டி கழிக்கறேள்?”

சாருடைய மனைவி அவர். ஜாஸின்மேல் அவருக்குக் கடைசிவரை வேறு அபிப்பிராயம் ஏற்படவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

“மோட்டார் உருளை தேஞ்சு போச்சு சார். வேற ஒண்ணு கெடந்துச்சு, போட்டிருக்கேன். ஏக்தம் பராபர் ஓடும்” என்றான் சுடலைமுத்து.

ஓடியது. அப்படி ஓர் ஓட்டம். டிரம்காரர் எவர்சில்வர் பாத்திரங்களோடு மாடிப்படியில் உருண்டு வருகிறார், கீழே வந்து சேரவே மாட்டேன் என்கிறார். சாக்ஸபோன்காரர் துரத்தப்படுகிற ஆள் மாதிரி வாசிக்கிறார்.

“இந்த மனுசன் மூச்சு எப்பம் விடுதான்?” என்றான் சுடலைமுத்து.

இந்தக் கேள்வி மூன்று வருடம் எங்களை ஆட்டிவைத்தது. ஞாயிறு பத்து மணிக்கு நாங்கள் மூவரும் கூடுவோம். “இந்த வாரம் என்ன கேக்கலாம்?” என்று சார் முறைப்படி கேட்பார். இருப்பது ஒரே ரெக்கார்டு. யோசித்து முதல் பக்கம் என்போம், அல்லது இரண்டாம் பக்கம். அவர் நோட்டில் தேதி போட்டுக் குறிப்பெடுப்பார். மாட்டுங்காவில் ஒரு வாசகர் கூட்டத்தில் ‘ஜாஸ் இசையில் அவசரம்’ என்று நாற்பது நிமிடம் பேசினார். லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுடைய இசை இது என்றார். நான்தான் முதலில் கைதட்டினேன்.

எல்லாம் வரலட்சுமி பூஜையன்று கெட்டது. மாமி அண்டை வீட்டிலிருந்து ஒரு சுலோக ரெக்கார்டு வாங்கி வந்து எங்கள் ப்ளேயரில் போட்டார். வந்திருந்த பெண்கள் உருகிப் போனார்கள். “எந்தக் குழந்தை பாடறது? இந்த வயசுல என்ன ஞானம்!” மாமி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பெரிய மீசை வைத்த பாகவதர் ஒருவர் தொந்தியோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிறு மாமி சுவர்க்கடிகாரத்துக்கு நேரே உட்கார்ந்து, ஜாஸ் ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுவதும் கேட்டார்.

“அட்டையில இருபத்திரண்டு நிமிஷம்னு போட்டிருக்கு. பதினேழுல முடிஞ்சுடுத்து. மிச்சம் அஞ்சு நிமிஷம் எங்க போச்சு?”

சுடலைமுத்து ப்ளேயரின் சுழல்தட்டைத் தூக்கி, தான் போட்ட உருளையைப் பார்த்தான். கொஞ்சம் பெரிய உருளை; அவ்வளவுதான். சாருக்குத் தன் நாற்பது நிமிடப் பேச்சு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“இதுகூடத் தெரியாம நீ என்ன ரிப்பேர்க்காரன்?”

மூன்று வருடமாக அவனை ‘நீங்கோ’ என்று அழைத்த வாய். சுடலைமுத்து பையை எடுத்துக்கொண்டான். “ஓடுதா ஓடலையான்னுதான் நான் பாத்தேன் சார்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

மறுவாரம் சரியான உருளையைப் பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்பினான். நானே மாட்டினேன். ரெக்கார்டு மெதுவாகச் சுழன்றது. வாசித்தவர்கள் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். சார் முகம் சுருங்கிப் போயிற்று.

“எல்லாரும் மூச்சு விடறா” என்றார், துக்கம் சொல்கிற குரலில்.

அடுத்த ஞாயிறு கூட்டமில்லை. அதற்கடுத்த ஞாயிறு, எங்கள் சந்தில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு சார் வந்து நின்றார். நேரே சுடலைமுத்துவின் கடைக்குப் போனார்.

“நான் பேசினது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்கோ. அந்தப் பழைய உருளையைத் திரும்பப் போட்டுக் கொடுங்கோ.”

சுடலைமுத்து தலையைச் சொறிந்தான். “அத அன்னைக்கே கோவத்துல பங்கார்ல போட்டுட்டனே சார்.”

பங்கார் என்றால் பழைய இரும்பு. மூவரும் அவன் போட்ட கோடவுனுக்குப் போனோம். சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குவியலைக் கிளறினார். ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி “இதுவா?” என்பார். தையல் மெஷின் சக்கரமாக இருக்கும். கோடவுன்காரர் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். சார் நிமிராமலே “பாஞ்ச் மினிட்” என்றார். ஐந்து நிமிடம்தானே என்று அவர் போய்விட்டார். இரண்டு மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை.

கடைசியில் சுடலைமுத்துதான் வழி சொன்னான். சின்ன உருளைமேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினால் அது பெரிய உருளையாகிவிடும். ஆனால் எத்தனை சுற்று? ஆறு என்றார் சார். எட்டு என்றேன் நான். தவறு நடந்த அந்தச் சரியான வேகம் யாருக்கும் நிச்சயமில்லை.

“இந்தப் பக்கத்தை ஆரம்பிக்கறச்சே குக்கரை ஏத்துவேன். முடியறச்சே நாலாவது விசில். மூணு வருஷமா எனக்குக் கேட்டது அது ஒண்ணுதான்” என்றார் மாமி.

அன்று அந்த வீட்டில் மூன்று முறை அரிசி வெந்தது. ஏழாவது சுற்றில் டிரம்மும் விசிலும் ஒன்றாக வந்து நின்றன. சுடலைமுத்து துள்ளிவிட்டான். சார் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

சார் குடியிருந்த கட்டடம் இப்போது இல்லை. அங்கே எழும்பிய அடுக்குமாடிக் கோபுரத்தில் கார் நிறுத்தவே ஏழு மாடி. சார் போய்விட்டார். சுடலைமுத்து கோவண்டியில் மகன் வீட்டில் இருக்கிறான். காது மந்தம், வாங்கிக் கொடுத்த மெஷினைப் பிரித்துப் பார்த்துக் கெடுத்துவிட்டான். வீடு மாறும்போது ப்ளேயரும் ரெக்கார்டும் எங்கேயோ போயின.

மாமி செம்பூரில் மகளோடு இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது, நான் கேட்காமலே சொன்னார்.

“அவர் போன கொஞ்ச நாள்லயே டேப் இளகி உதிர்ந்துடுத்து. ஒரு நாள் தனியா இருக்கறச்சே போட்டுப் பாத்தேன். மெதுவா, யாரோ பக்கத்துல உக்காந்து பேசறாப்புல இருந்துது. எனக்கு ரொம்பப் பிடிச்சுது.” முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “அவர் இருந்திருந்தா ஒத்துண்டிருக்க மாட்டார். சண்டை போட்டிருப்போம்.”