நண்டின் கண்கள்

யுத்தம் நடந்த சமயம். என் கணவர் ரங்கூனில் இருந்தார். "அப்பா தாண்டிப் போன கடல்ல என்னம்மா இருக்கும்?" என்று ஐந்து வயது மகள் தினமும் நச்சரித்தாள். நான் கண்டது பனமரத்துப்பட்டி ஏரி நண்டுதான். அதைப் போலவே பாசிமணிகளை ரப்பர் நூலில் கோத்து, இழுத்துவிட்டால் காலாட்டும் கடல் நண்டு ஒன்று செய்தேன். கண்ணுக்குக் கறுப்பு மணி இல்லை. என் தாலிக்கயிற்றிலிருந்து இரண்டு கருகமணிகளை உருவினேன்.

"கட்டுன கவுத்துல கை வெக்கலாமா சாமி?" என்று மாமியார் பதறினார்.

"உங்க மவனே வந்து கோத்துத் தருவாருங்க அத்தை" என்று சிரித்தேன்.

அடுத்த மாதமே அவர் இறந்த செய்தி வந்தது. என் தாலியைக் கழற்றும்போது மகள் நண்டின் கண்களைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"கோத்துக்கம்மா, அப்பா வந்துருவாரு!"

மணிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் இன்றுவரை வாய் வரவில்லை.