தாலி கட்டும் நேரத்தில் ஒரு கரடி

போன கிழமை லண்டன் ஹரோவில் என் மச்சாள் வசந்தி வீட்டுக்கு அவளுடைய கல்யாண வீடியோ பார்க்கப் போனேன். நேரில் போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தவன்தான். ஆனாலும் வீடியோவையும் பார்க்கவேண்டும் – அதுதானே எங்கள் ஆட்களிடையே மரியாதை?

வசந்தியின் அம்மா கொழும்பில். விசா கிடைக்காததால் ஒரே மகளின் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. மறுநாள் கொழும்புக்குப் பறக்கிற ஒருவரிடம் கசெற்றைக் கொடுத்துவிட ஏற்பாடு. அதற்கு முன் ஒருமுறை பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

ஐயர், ஓமப்புகை, கூறை மாற்றி வரும் வசந்தி… கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை ரவி தாலியைக் கையில் எடுத்தார்.

எடுத்த கையோடு – ஒரு கரடி!

ஹொலிவூட்டின் நல்ல காலத்தில் எடுத்த பழைய காட்டூன். கரடி தேன்கூட்டுக்காக மரம் ஏறுகிறது. அது ஒரு அடி வைத்தால் முழு ஓர்கெஸ்ட்ராவும் கூடவே ஒரு அடி வைக்கிறது. கொப்பு முறிகிறது, கரடி ஒற்றைக் கையில் தொங்குகிறது… அடுத்த கணம், கழுத்தில் தாலியோடு வசந்தி அக்கினியை வலம் வருகிறாள்.

“என்னப்பா இது?” என்றாள் வசந்தி.

ரவி கணக்காளர். சிரிப்பைக்கூட அளந்து செலவழிக்கிற மனிதர். அவருக்குக் காட்டூன் பைத்தியம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரவல் போன கல்யாணக் கசெற் திரும்பி வந்த சரித்திரம் லண்டனில் உண்டா? அதனால் வசந்தி அதை ஒரு பழைய தமிழ்ப் படத்தின் மட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். தாலி கட்டும் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அங்கேயே நிறுத்தியும் வைத்திருக்கிறாள். ரவி பழைய படம்தானே என்று டிவியில் போன காட்டூனை அதன் மேலே பதிந்துவிட்டார். பாதியில் சாப்பிடக் கூப்பிட்டதால் நிறுத்தினாராம்.

வீடியோக்காரருக்குப் போன் போட்டோம். “ஐயோ அண்ணை, அந்த மாஸ்டர் கசெற்றில வேற கலியாணம் எடுத்திட்டன்” என்றார்.

வசந்தி அழுதாள். “அம்மா இதை அபசகுனம் எண்டுதான் நினைப்பா.” எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் வேறு வழி? கரடியோடு கசெற் விமானம் ஏறியது.

நேற்று கொழும்பிலிருந்து வசந்தியின் அம்மா போன் எடுத்தார். நானும் ஹரோ வீட்டில் இருந்தேன். வசந்தி பயந்துகொண்டே ஸ்பீக்கரைப் போட்டாள்.

“வடிவாயிருக்கு பிள்ளை. உன்னைக் கூறையோட கண்டதிலயிருந்து ஒரே அழுகை. அந்தக் கரடிதான் என்னைச் சிரிக்க வைச்சது.”

“தாலி கட்டினதை நீங்கள் காணேல்லையேம்மா…”

“ஆருடைய வீடியோவிலதான் அது தெரிஞ்சது? அந்த நேரம் பாத்து எல்லாரும் முதுகைத்தானே காட்டுறவை!” கொஞ்சம் தயங்கினார். “அது கிடக்கட்டும்… மருமகனைக் கேட்டுச் சொல்லு. கொப்பில தொங்கின கரடி விழுந்துதோ, தப்பிச்சுதோ?”

ரவி இப்போது அந்தக் காட்டூனின் மீதியைத் தேடி வீடியோக் கடை கடையாக ஏறி இறங்குகிறார் – மாமியார் முதன்முதலாக வாய்விட்டுக் கேட்ட விஷயம் அல்லவா!