மூக்கில்லா லாரியின் பின்கதவு

மலேசியாவில், செனாவாங்கில் சுகுமாறன் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். கார் நிற்கவேண்டிய இடத்தில் பட்டாளத்து லாரியின் கியர்பாக்ஸ் நிற்கும். தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்றியவர் அவர். சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய லாரி, ஜப்பான்காரன் ஓட்டித் தேய்த்த லாரி, எது எந்தப் பள்ளத்தில் கிடந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். இரண்டை அப்படித் தூக்கி வந்து ஓட வைத்தும் இருக்கிறார். புருசன் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டால், எந்தக் காட்டில் என்று தெரியாது என்பாள் மனைவி விமலா.

அந்த மனிதர் இப்போது எதையும் தேடிப் போவதில்லை. காரணம், லிங்கிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிடந்த மூக்கில்லா லாரி.

ஒருகாலத்தில் ரப்பரும் பிறகு எண்ணெய்க்குச் செம்பனையும் வளர்த்து, கடைசியில் வீட்டுமனைக்காக விற்றுப்போன தோட்டம் அது. செம்பனைகளைச் சாய்த்துக்கொண்டு வந்த இயந்திரம் ஓடைப் பள்ளத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினார். புதருக்குள் எட்டிப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. முன்பக்கம் வெட்டிவிட்டாற்போல மொட்டை. கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு முன்னால் சாய்ந்திருந்தது. இரண்டு வளையங்களைச் சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்கிய ரிம். பிரிட்டிஷ் பட்டாளத்துக்காகச் செய்த வண்டிதான், சந்தேகமே இல்லை. கதவுகள் இல்லை, எஞ்சின் மூடி ஓட்டை ஓட்டையாக அரித்திருந்தது, அடிச்சட்டம் முழுக்கக் களிமண்ணில் புதைந்து கிடந்தது. பின்கதவு மட்டும் கெட்டியாக நின்றது. அதில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கைகள் பதிந்திருந்தன, மரத்துக்கு நம்பர் போடுகிற சிவப்புச் சாயத்தில்.

கைகளின் கதையை மயிலம்மாள்தான் சொன்னாள். எண்பதைத் தாண்டியவள், லிங்கியில் தனியாக இருக்கிறாள். லாரியைப் பார்க்க ஓர் ஆள் வந்திருக்கிறான் என்று கேட்டதும் வேகாத வெயிலில் நடந்தே வந்துவிட்டாள்.

அவள் தாயின் வயிற்றில் இருந்தபோது ஜப்பான்காரன் இந்த லாரியில்தான் ஆட்களை ஏற்றினானாம், சயாமுக்கு ரயில் பாதை போட. அவளுடைய அப்பனும் போனார். இறக்கிவிட்டு மறுநடைக்கு வந்த லாரி பள்ளத்தில் சரிந்தது, பிறகு ஏறவில்லை. ஆட்களும் திரும்பவில்லை. முதலில் பெண்கள் வந்து காறித் துப்பிவிட்டுப் போனார்களாம். அப்புறம் ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது, ஏறும்போது நம்மாளு இந்தக் கதவைத்தானே பிடித்தார் என்று. அன்றிலிருந்து வருசா வருசம் லாரி புறப்பட்ட நாளில் கதவுக்கு எண்ணெய் தடவி, கை பதித்து, இலை போட்டுப் படைத்தார்கள். மஞ்சளில் வைத்த கை மழையில் கரைந்துபோனதால் தோட்டத்துச் சாயத்துக்கு மாறினார்கள். மயிலம்மாளின் தாய்க்கு ஒரு விரல் பாதிதான், ரப்பர் பால் கட்டியை நசுக்கும் மிசினில் போனது. அந்தக் குட்டை விரல் கதவின் நடுவில் தெளிவாகத் தெரிந்தது. மயிலம்மாள் தன் கையை அதன்மேல் வைத்துக் காட்டினாள்.

"எங்கப்பனுக்கு சமாதி இல்ல தம்பி. இதான்."

லாரியை எப்படியாவது தூக்கிவிடுகிறேன், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து படைக்கலாம் என்று சுகுமாறன் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுப்பதில் அவருக்கு என்றைக்குமே தாமதம் கிடையாது.

வேலையைக் கவனித்த சூப்பர்வைசர் தர்மராஜ் கெட்டவன் இல்லை. சுகுமாறன் கெஞ்சியதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, எனக்கும் மேல ஆளு இருக்குலா. ஆர்மி லாரின்னு நம்பர் காட்டுங்க, போட்டோ எடுத்து பாஸுக்கு அனுப்புறேன், நிப்பாட்டிருவாரு. மத்தியானத்துக்குள்ள வேணும். இல்லன்னா இது வெறும் பெசி புருக்."

காயலான் கடை இரும்பு என்று அவன் சொன்னது சுகுமாறனுக்குச் சுரீரென்றது. இயந்திரம் மேட்டில் உறுமிக்கொண்டு நின்றது. திதிக்கு இன்னும் நாள் இருந்தும், அதுவரை லாரி இருக்குமோ என்னவோ என்று பயந்து, இன்றைக்கே படைத்துவிடலாம் என மயிலம்மாள் சோறாக்க வீட்டுக்குப் போயிருந்தாள். அவளிடம் கைபேசி கிடையாது.

லாரி தேடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் முதலில் கம்பி பிரஷ்ஷை எடுத்துப் பின்கதவைத் தேய்ப்பார்கள். எத்தனை பூச்சு பூசியிருந்தாலும் அடியில் பட்டாளத்து நம்பர் வெள்ளை எழுத்தில் மங்கலாகக் கிடக்கும். சுகுமாறனின் இரண்டு லாரிகளிலும் அப்படித்தான் கிடைத்தது. அடிச்சட்டத்திலும் நம்பரை வெட்டியிருப்பார்கள், ஆனால் அதற்கு மண்ணைத் தோண்டவேண்டும். அரை நாள் வேலை.

கதவின் முன்னால் பிரஷ்ஷோடு நின்றார். லாரி பிழைத்தால் போதும், கிழவியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். நல்ல நினைப்புதான், போங்கள்! தர்மராஜிடம் இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாம், மண்வெட்டியை எடுத்திருக்கலாம். பழகிய கை பழகிய இடத்துக்குத்தான் போனது.

ஓரத்திலிருந்து தேய்த்தார். சாயம் செதில் செதிலாக உதிர்ந்தது. எழுத்து இல்லை. மறு ஓரத்தைத் தேய்த்தார், அங்கேயும் இல்லை. மிச்சம் இருந்தது நடுவிடம். அந்தக் குட்டை விரலைச் சுற்றிச் சுற்றி வந்தார், அழுதுகொண்டே அதையும் தேய்த்தார். அடியில் வெறும் தகடு. பட்டாளத்துக் கதவே இல்லை அது. எந்தக் காலத்திலோ தோட்டத்துப் பட்டறையில் அடித்து மாட்டிய கதவு.

மயிலம்மாள் தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். கதவைப் பார்த்தாள். முந்தானையால் தகட்டைத் துடைத்தாள், உள்ளே எங்காவது மிச்சம் இருக்கும் என்பதுபோலத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுகுமாறனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

கதவை மட்டும் கழற்றிக்கொள்ளத் தர்மராஜ் விட்டான். பிறகு இயந்திரம் இறங்கியது. கூரை நசுங்கியது, உடம்பு இரண்டாக முறிந்தது. பிடித்து மேலே தூக்கியபோது களிமண் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. அடிச்சட்டத்தில் பழைய கிரீஸ் அப்பியிருந்த இடத்தில் நம்பர் தெரிந்தது, நேற்று வெட்டினாற்போல. சுகுமாறன் கத்திக்கொண்டே ஓடினார். இரைச்சலில் ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்குமேல் காப்பாற்ற என்ன இருந்தது? தர்மராஜ் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

கதவு இப்போது மயிலம்மாள் வீட்டுப் பின்சுவரில் சாய்ந்திருக்கிறது. திதியன்று சுகுமாறன் போனார். போகாமல் இருந்திருந்தால் அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், அதுதான் அவரைப் போகவைத்தது. இலையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். கற்பூரம் எரிந்து முடிந்ததும் சாயத் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

நான் யார் இதைச் செய்ய, நீங்கள் வையுங்கள் அம்மா என்று அவர் குழறினார்.

"எங்காத்தா கை இருந்த எடம் எனக்குத் தெரியல. நீதானே தேச்ச. நீயே வையி."

அந்த இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. கையைச் சாயத்தில் தோய்த்து, கதவின் நடுவில் வைத்து அழுத்தி எடுத்தார். ஐந்து விரலும் முழுசாகப் பதிந்தன. மயிலம்மாள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.