மஞ்சள் பூசிய உதடு

பிரஷர் பார்க்கும் கருவியோடு தேவயானி வருவது தெரிந்தால், ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக் கிராமங்களில் ஆண்கள் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். நாலு வருடமாக வீடு வீடாகப் போய் சுகரும் பிரஷரும் பார்க்கிற சுகாதாரத் தன்னார்வலர் அவள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களை அவர்கள் வாசலிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். ஊரே பயந்தது. அவள் புருஷன் சின்னராசு மட்டும் பயப்படவில்லை.

சாமைக் கொல்லையில் நின்றாலும் புளியமரத்தில் ஏறினாலும் அவன் கீழுதட்டின் இடது ஓரத்தில் பீடி இருக்கும். அதே இடத்தில் மூன்று மாதமாக ஒரு வெள்ளைத் திட்டு. வலிக்கவில்லையே, அப்புறம் என்ன என்பான். வலிக்காததுதான் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். கத்திக் கத்தித் தொண்டை வற்றி, கடைசியில் பள்ளிக்கூடத்தில் நடந்த வாய்ப் புற்றுநோய் முகாமுக்கு அவனை இழுத்து வந்தாள்.

ஜன்னல்களில் போர்வை கட்டி இருட்டாக்கிய வகுப்பறை. பல் டாக்டர் அபிநயா கத்தியும் எடுக்கவில்லை, ஊசியும் போடவில்லை. நீல விளக்கை உதட்டில் அடித்து, ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நல்ல சதை பச்சையாக ஒளிரும், கெடத் தொடங்கிய சதை கறுத்துத் தெரியும் என்று சொல்லி தேவயானிக்கும் ஒரு கண்ணாடி கொடுத்தாள். சின்னராசுவின் உதடு ஓரம் வரைக்கும் பச்சையாக மின்னியது. டாக்டர் பட்டியலில் ‘நார்மல்’ என்று எழுதினாள்.

"பாத்தியா? இன்னாமோ செத்துருவேன்னு ஊரக் கூட்டுன," என்றான் சின்னராசு.

தேவயானி அவன் தாடையைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களும் அதே மாதிரி மின்னின. காலையில் மஞ்சள் அரைத்த கை; இந்த விளக்கில் மஞ்சளும் ஒளிர்கிறது. அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"ஒதட்டுல இன்னாத்த தடவுன?"

உலுக்கிக் கேட்டபிறகுதான் சொன்னான். உள்ளே வருமுன் அவளுக்குத் தெரியாமல் மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறான். திட்டு டாக்டர் கண்ணில் படாவிட்டால் ஆஸ்பத்திரி அலைச்சல் மிச்சம் என்று நினைத்தானாம். விவரம் கெட்ட மனுஷன். துடைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள் என்றாள் தேவயானி. வெளியே ஐம்பது பேர் நிற்கிறார்கள், அடுத்த முகாமில் பார்க்கலாம் என்றாள் டாக்டர்.

"அடுத்த முகாம் வர்ற வரைக்கும் இது காத்துக்கினு இருக்குமாங்க?"

அவனை நாற்காலியிலிருந்து எழவே விடவில்லை அவள். டாக்டர் வேறு வழியில்லாமல் சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து அழுத்தித் துடைத்தாள். மறுபடி விளக்கு. பச்சைக்கு நடுவே, பீடி இருக்கிற இடத்தில், புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பு.

புற்றுநோய் என்று இப்போதே சொல்ல முடியாது, துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், இந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் பிழைக்க வைக்கலாம் என்றாள் டாக்டர். சின்னராசு பீடிக்கட்டை எடுத்துத் தரையில் போட்டான். அதைப் பார்த்தால் தன் கோபம் உடைந்துவிடும் என்று தேவயானி முகத்தைத் திருப்பினாள். மேசையில் பட்டியல் இருந்தது. அவனுக்கு மேலே நாற்பத்தொரு பெயர்கள், எல்லாவற்றுக்கும் எதிரே நார்மல். வாயில் புண் என்றால் மலையில் முதலில் தேடுவது மஞ்சளைத்தான். போன மாதம் அவளே மூன்று பேருக்கு மஞ்சள் பூசச் சொல்லியிருந்தாள்.

"இவங்க வாயெல்லாம் தொடச்சிட்டுப் பாத்தீங்களா, டாக்டரம்மா?"

டாக்டர் பஞ்சையும் சோப்புத் தண்ணீரையும் கிட்டே இழுத்துக்கொண்டாள். தேவயானி பட்டியலைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். முகாமில் பார்த்து முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் நகரத் தொடங்கியிருந்தது. அதன் எதிரே போய் நின்று, முதல் பெயரை உரக்கப் படித்தாள்.