ஹெரால்டின் எண் தகடு

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நான் அந்தத் தகட்டில் உளியை வைத்தேன். பதினொரு மணிக்கு வந்து காரை ஏற்றிக்கொள்வதாக ரிக்கவரி வண்டிக்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் முடிக்க வேண்டும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி ஸ்டூலில் வைத்திருந்தேன். அதனால்தான் நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகர ஷெட்டில் என் மகளின் ஹெரால்டு கார் முகத்தைத் திறந்தபடி நின்றது. அந்தக் காரில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். என்ஜினுக்குப் பின்னால் இருந்த தடுப்பில் விரல் நீளத்துக்கு ஒரு தகடு, அதில் வண்டியின் எண். அதைப் பிடித்திருந்த இரண்டு ரிவெட்டுகளில் ஒன்று சுலபமாக வந்தது. இரண்டாவதை நெம்பும்போது தகடு இரண்டாகக் கிழிந்தது.

அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மில் ஸ்டோர்ஸில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே நூல் நூற்கும் பழைய ரிங் ஃப்ரேம் ஒன்றை இனி உதவாது என்று கண்டெம் செய்து காயலான் கடைக்கு அனுப்பும்போது, லாரி வாசலைத் தாண்டும் முன் பெயர்த் தகட்டைப் பெயர்த்து எடுத்துவிடுவோம். தகடு எங்கள் கைக்கு வந்துவிட்டால் அந்த மெஷின் செத்துவிட்டது என்று அர்த்தம். வேறு எங்காவது உயிரோடு ஓடி, எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. அன்று கை அந்தப் பழக்கத்தில் போனது. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மகளுக்கு இருபத்தாறு வயது. மதுரையில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் தன் நகைச்சீட்டை முறித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரிய வீட்டின் மாட்டுக் கொட்டகையில் கிடந்த இந்தக் காரை வாங்கினாள். ஷெட் என்னிடம் இருந்ததால் ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றினாள். என் மச்சான் வந்து பார்த்துவிட்டு, "ஏ மாப்ள, புள்ளைக்கு மாப்ள பாக்கச் சொன்னா மியூசியம் தொறந்து வச்சிருக்கீராக்கும்?" என்றார். அவள் சிரித்துக்கொண்டே, "மாமா, நீங்க வாங்குன தங்கம் லாக்கர்ல தூங்குது. என் தங்கம் ரோட்டுல ஓடும். பத்து வருசம் பொறுங்க, பொறவு பேசுவோம்" என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இரண்டாம் சனிக்கிழமை தோறும் வருவாள். என் மனைவி இறந்தபின் அந்த வீட்டுக்கு மாதம் ஒருமுறை வந்த ஒரே ஆள் அவள்தான். நான் டீ போட்டுக் கொடுப்பேன், டார்ச் பிடிப்பேன். வண்டிக்கு அடியிலிருந்து அவள் பேசிக்கொண்டே இருப்பாள். தகடும் என்ஜினும் முதலில் வந்த ஜோடியாகவே இருந்தால்தான் சேகரிப்பவர்கள் மதிப்பார்கள் என்பதையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். நான் பாதிதான் கேட்டேன். சீட் பெல்ட் இல்லாத, ஏர்பேக் இல்லாத அந்தக் காரில் அவள் நான்கு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போவதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும். சித்திரையில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அவள் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

பழைய வண்டிகளை அரசாங்கம் உடைக்கப் போகிறது, பிடித்தால் கேஸ் என்று டீக்கடையில் பேசினார்கள். ஐம்பது வயது தாண்டிய காருக்கு அது கிடையாது, வின்டேஜ் என்று தனிப் பதிவு உண்டு என்று மகள் இரண்டு தடவை விளக்கியிருந்தாள். நான் டீக்கடையை நம்பினேன். வண்டியை நாமே உடைக்கக் கொடுத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அதைக் காட்டினால் புதுக்காருக்கு வரியில் சலுகை உண்டு என்றும் கேள்விப்பட்டேன். ஆறு ஏர்பேக் உள்ள கார் ஒன்றைப் பார்த்து வைத்தேன். அவள் பிறந்தநாளுக்குள் வாசலில் நிறுத்திவிட வேண்டும் என்பது என் திட்டம்.

ரிக்கவரி வண்டி ஹெரால்டை ஏற்றிக்கொண்டு போனபின் ஷெட்டைக் கூட்டினேன். பன்னிரண்டரைக்கு மகள் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"யப்பா, வின்டேஜ் பதிவுக்கு வெள்ளிக்கிழம வரச் சொல்லிட்டாங்க. உள்ள ஒரு நம்பர் தகடு இருக்குல்ல, அத ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"கார் இல்லம்மா" என்றேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏர்பேக்கைப் பற்றியும் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"எங்க இருக்கு இப்ப?"

"மம்சாபுரம் ரோட்டுல ஒரு யார்டு."

"நீங்க அங்க போயி நில்லுங்க. யாரையும் தொட விடாதீங்க. வாரேன்."

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ், அங்கிருந்து ஆட்டோ. போகும் வழியெல்லாம் வெட்டிய கார் ஒன்றே கண்ணில் தெரிந்தது. ஆனால் யார்டில் ஹெரால்டு முழுசாகத்தான் நின்றது. பேட்டரியை மட்டும் கழற்றியிருந்தார்கள். அந்த யார்டு வண்டிகளைச் சேர்த்து வைத்து, ட்ரெய்லரில் உடைக்கும் கூடத்துக்கு அனுப்பும் இடம். உரிமையாளர் பெரிய உடம்புக்காரர். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன சார், கட்டிக் குடுத்த பொண்ண மறுநாளே கூட்டிட்டுப் போக வந்த மாதிரி வாரீக?"

"தெரியாமக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. மக வண்டி அது."

அவர் சிரிப்பு நின்றது. "ஆர்.சி.ல ஒங்க பேருல்லா இருக்கு?"

"பேருதான் என் பேரு."

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "காலைலருந்து சர்வர் வேலை செய்யல. ஒங்க வண்டி வெவரத்த இன்னும் கம்ப்யூட்டர்ல ஏத்தல. அது ஒங்க நல்ல நேரம். ஆறு மணிக்கு ட்ரெய்லர் வரும். அதுக்குள்ள மக வந்து பேசட்டும். இதுல ஒக்காருங்க" என்று யாரோ வேனிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்த சீட்டைக் காட்டினார்.

மூன்று மணி நேரம் அதில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் கார்கள். ஒன்றில் கண்ணாடியில் மாதா படம், ஒன்றில் காய்ந்த எலுமிச்சம்பழம், ஒன்றின் பின்சீட்டில் ஒற்றைக் குழந்தைச் செருப்பு. வெயில் ஹெரால்டின் கூரையிலிருந்து கதவுக்கு இறங்கியது. அவள் தானே தேய்த்துப் பூசிய நீலம்.

பயத்தால்தான் செய்தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. மாதாமாதம் வந்து தங்குகிற அந்த இரண்டு நாளும் அவள் ஷெட்டிலேயே கிடப்பாள். சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொல்வாள். கார் இல்லாவிட்டால் வீட்டுக்குள் வந்து என் எதிரே உட்காருவாள் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் நினைத்தேனா? சத்தியமாகத் தெரியவில்லை. கார் இல்லாவிட்டால் அவள் எதற்கு ராஜபாளையம் வரவேண்டும் என்பதை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை. அந்த வேன் சீட்டில் உட்கார்ந்துதான் அது உறைத்தது.

ஐந்தே காலுக்கு ஆட்டோ வந்து நின்றது. மகள் கழுத்தில் அலுவலக அடையாள அட்டையைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். என்னைத் தாண்டிக் காரிடம் போனாள். மண்ணில் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் சேஸிஸில் குத்தியிருந்த எண்ணைத் தேடிப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தாள். அது பத்திரமாக இருந்தது. பதிவுக்கு அது போதும் என்று உரிமையாளரிடம் சொன்னாள். நான் சட்டைப்பையிலிருந்து தகட்டின் இரண்டு துண்டுகளையும் எடுத்து நீட்டினேன். வாங்கிப் பொருத்திப் பார்த்தாள். கிழிந்த இடத்தில் எண்ணின் நடுவே இரண்டு இலக்கம் நசுங்கிப் போயிருந்தது. கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

உரிமையாளரிடம் தனியாகப் போய்ப் பேசினாள். வண்டியைத் திருப்பிக் கொடுக்க அவர் சம்மதித்தார். யார் யாருக்கோ போன் செய்தாள். பிறகு என்னிடம் வந்து, என் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன்" என்று பொய் சொன்னேன்.

"ரிக்கவரி வண்டி வருது. மதுரையில என் ஆபீஸ் பக்கத்துல ஒரு ஷெட் வாடகைக்குப் பிடிச்சிட்டேன். இனிமே வண்டி அங்கயே நிக்கட்டும். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க."